கோத்தகிரி பேச்சுப் பயிற்சி மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், குளிரைப் பாராமல் இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். விளிப்பை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். காரணம் அறிக்கையின் நடுவில் விளங்கும்.

கடந்த ஓராண்டில் மாதம் இருமுறை, ஞாயிறு பிற்பகலில் மன்றம் கூடியது. உறுப்பினர் சேர்க்கை, சந்தா நிலுவை, நாற்காலி வாடகை ஆகியவற்றைப் பொருளாளர் தம் கணக்கில் சொல்வார் என்பதால், பயிற்சியில் நாம் கற்றதையும் தவறியதையும் மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில், எதற்காக இங்கே வருகிறீர்கள் என்று எழுதித் தரக் கேட்டபோது, பெரும்பாலோர் மேடைக்கூச்சம் போக வேண்டும் என்றே எழுதியிருந்தனர். ஆகவே முதல் சில வாரங்கள் மூச்சுப் பயிற்சியிலும் கண்ணாடி முன் பேசிப் பார்ப்பதிலும் கழிந்தன. மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விட்டால் படபடப்பு தணிவது உண்மைதான். ஆனால், எதிரே இருப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று யோசிக்காமல் ஏறியவருக்கு, இரண்டாம் நிமிடத்திலேயே அதே படபடப்பு திரும்பி வந்தது. திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமை அதற்கடுத்த 73ஆம் அதிகாரமாகவும் இருப்பதை மூத்த உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே, நாம் பின்னதை முதலில் பிடித்துக்கொண்டது எனக்கு உறைத்தது. அன்று முதல், யார் முன்னால் பேசப் போகிறோம் என்பதை எழுதிக் கொடுக்காத எவருக்கும் பயிற்சியில் மைக் தரப்படவில்லை.

நம் மலையில் அவையறிவது சிறிய வேலை அன்று. ஒரே கூட்டத்தில் வீட்டில் படுகு பேசுவோரும், கன்னடமோ மலையாளமோ பேசுவோரும், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பத்தாரும் அருகருகே அமர்ந்திருப்பர். "கொள்முதல் விலை நிர்ணயத்தில் நிலவும் முரண்பாடுகள்" என்று தொடங்கிய ஒரு பேச்சுக்குச் சலனமே இல்லை. அதே உறுப்பினர் அடுத்த முறை, "பச்சைத் தேயிலை கிலோவுக்குக் கையில் என்ன நிற்கிறது?" என்று கேட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்தியதும், பின்வரிசையில் சால்வைக்குள் ஒடுங்கியிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

இவ்வாண்டு நாம் செய்தவற்றில் பயனுள்ளதாக நான் கருதுவது கிராம சபைக்கான பயிற்சியைத்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடியும், நம்மில் பலர் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களாகவே இருந்தோம். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த நம் உறுப்பினர் ஒருவர், குடிநீர் குறித்துப் பேச விரும்பி ஐந்து நிமிட உரையை எழுதி வந்தார். கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில், "அவர்களே, அவர்களே" என்ற விளிப்புக்கே ஒன்றரை நிமிடம் போயிற்று. அதன்பின் நீரின் பெருமை. பிறகு உலகத் தண்ணீர்ப் பஞ்சம். அவருடைய தெருக் குழாய் கடைசிப் பத்தியில்தான் வந்தது. அந்தக் கடைசிப் பத்தியைத் தூக்கி முதலில் வைத்தோம். அக்டோபர் 2 அன்று அவர் எழுந்து, "எங்கள் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரம் வந்தது என்று இரண்டு மாதமாக இந்த நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லி, அட்டை கிழிந்த அந்த நோட்டை உயர்த்திக் காட்டினார். பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. குழாய் இன்னும் முழுதாகச் சீராகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசிக் கூட்டம் ஒன்றில் தகரக் கூரையின் மேல் மழை கொட்டத் தொடங்கியபோது, பேசிக்கொண்டிருந்தவர் அதனோடு போட்டியிட்டுக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த, பேருந்து நடத்துநரான உறுப்பினர், மழை சற்றுத் தணியும்வரை பேசாமல் நின்றார். பிறகு மேடையைவிட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே வந்து, சிறு சிறு வாக்கியங்களாகப் பேசினார். கேட்டதற்கு, "வண்டி கொண்டை ஊசி வளைவில் முனகிக்கொண்டு ஏறும்போது நான் ஊர்ப் பெயர் சொல்வதில்லை, வளைவு தாண்டியதும்தான் சொல்வேன்" என்றார். பேச்சில் எங்கே நிறுத்துவது என்று நான் நடத்திய இரண்டு வகுப்புகளைவிட இந்த விளக்கம் தெளிவாக இருந்தது.

மைக்கைப் பற்றி ஒரு வேண்டுகோள். வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் பிடித்தால் போதும். அதன் வலைத்தலையைக் கையால் பொத்தினாலும், ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும், பெட்டியிலிருந்து வரும் ஒலியை மைக் மறுபடி வாங்கிக் கீச்சிடும். அதற்கு ஆப்பரேட்டரை முறைப்பது நியாயமாகாது.

தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் பேச்சுப் போட்டிகளுக்காக வந்த மாணவர்களுக்கும் பயிற்சி அளித்தோம். மனப்பாடம் செய்து, ஒரே உச்சக் குரலில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பழக்கத்தை அவர்களிடமிருந்து மாற்ற முடிந்தது என்று என்னால் சொல்ல இயலவில்லை. அண்ணாவின் அடுக்குமொழியையும் காமராசரின் பேச்சுவழக்கையும் இளமையில் கேட்ட நம் மூத்தவர்கள் வந்து இருவகைக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசிக் காட்டினால் நல்லது.

என் குறையையும் மறைக்கவில்லை. ஒரு விழாவில், எழுதி வைத்த தாள்களின் வரிசை மாறியது தெரியாமல், நன்றியை முதலிலும் வரவேற்பை இறுதியிலும் வாசித்தேன். இப்போது நான்கைந்து சொற்களை மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதிக்கொள்கிறேன். என் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோது, ஆறு நிமிடத்தில் "வந்து" என்று 41 முறை சொல்லியிருந்தேன். சென்ற மாதப் பதிவில் அது 17.

வரும் ஆண்டில் மழைக்காலக் கூட்டங்களைத் தகரக் கொட்டகையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றவும், பேசுபவர் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. இவ்விரண்டுக்கும் ஒப்புதல் அளித்து, இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு, கணக்கை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.