147 நாள்

லைடன், நெதர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன வாரம் போனில், "அங்கே போயும் இன்கம்டாக்ஸ்தானே படிக்கிறாய், அதை என் மேஜையிலேயே படித்திருக்கலாமே" என்றீர்கள். சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம், அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்களிடம் ரிட்டர்ன் போட வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு கட்டணும்? அதே பழக்கத்தில் நானும் முதல் அசைன்மென்ட்டில் பிரிவு, விகிதம், தொகை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பேராசிரியர் தொகையைச் சுற்றி வட்டம் போட்டு, "இதை யார் கேட்டார்கள்?" என்று எழுதித் திருப்பிவிட்டார். இரண்டு நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வரி ஒப்பந்தம் வரி போடுவதே இல்லை அப்பா. அது உள்நாட்டுச் சட்டத்தின் வேலை. இரண்டு நாட்டில் எது, எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான் ஒப்பந்தம் சொல்கிறது. இது மண்டையில் ஏற எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

படிப்பு ஒரே வருடம், மூச்சுவிட நேரமில்லை. சட்டத்துறை இருக்கும் கட்டடம் முன்பு இயற்பியல் ஆய்வுக்கூடம். இயற்பியலாளர் காமர்லிங் ஆனஸ் 1908இல் ஹீலியத்தைத் திரவமாக்கியது இங்கேதான். அந்த நாளில் பூமியிலேயே குளிர்ந்த இடம் என்பார்களாம். நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

போன மாதம் வகுப்பில், வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி எழுதிவைத்த மாதிரி வரி ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு நடந்தது. ஒரே ஆளை இரண்டு நாடும் 'இவர் எங்களவர்' என்று பிடித்தால் என்ன செய்வது? முதலில் நிரந்தர வீடு எங்கே என்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் இருந்தால், சொந்தபந்தமும் பிழைப்பும் எந்தப் பக்கம் நெருக்கம்? அதுவும் பிடிபடாவிட்டால் வழக்கமாகத் தங்குவது எங்கே, அப்புறம் குடியுரிமை. கடைசியில் இரு அரசுகளும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். உதாரணத்துக்குப் பேராசிரியர் என்னை எழுப்பிவிட்டார்.

நான் கிளம்பியது ஆகஸ்ட் 25. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1இலிருந்து எண்ணி இந்தியாவில் இருந்தது 147 நாள், 182 ஆகவில்லை, ஆகவே வரிக்கணக்கில் நான் என்ஆர்ஐ, வெளிநாட்டில் வசிப்பவள் என்று அடித்துச் சொன்னேன். அறைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. 60 நாளைத் தாண்டி, முந்தைய நான்கு வருடத்தில் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தாலே ரெசிடென்ட், அங்கே வசிப்பவள்தானே! வேலைக்கென்று கிளம்புகிறவருக்குத்தான் அந்த 60, 182 ஆகும். நான் படிக்க வந்தவள். நீங்கள் வகுப்பில் இருந்திருந்தால் பெஞ்சிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த ஊர்ச் சட்டத்திலோ நாள் கணக்கே கிடையாது. 'சூழ்நிலைகளைப் பொறுத்து' என்று ஒரு வரி, அவ்வளவுதான். நாள் எண்ணிப் பழகிய நமக்கு வயிற்றைக் கலக்கும்.

மறுநாள் திரையில் ஒரு தமிழ்ப் பெயர்! மலேசியாவில் ஈப்போவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த செட்டியார் நிறுவனம். நம் உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்த்த வழக்கு. தோட்ட வருமானமும் சொத்து விற்ற ஆதாயமும் இந்தியாவில் வரிக்கு வருமா என்பது கேள்வி. உறவு மலேசியாவோடுதான் நெருக்கம், இந்தியாவில் வரி கிடையாது என்று தீர்ப்பு. பிரேசில்காரரும் போலந்துப் பெண்ணும் 'செட்டியார்' என்பதை ஆளுக்கொரு விதமாகக் கடித்துக் குதறிக்கொண்டே வாதாடினார்கள். எனக்குத் தீர்ப்பில் முழுச் சம்மதமில்லை. ஒரு மனிதரை மனத்தில் வைத்து எழுதிய இந்த நெருக்கச் சோதனையை நிறுவனத்துக்குப் போட்டால் ஒட்டுமா? என் ஆய்வுக்கட்டுரையே இனி இதுதான்.

ஹேக் இங்கிருந்து ரயிலில் கிட்டத்தில்தான். வோடஃபோன் கம்பெனியிடம் வரி வாங்குவதற்காக 2012இல் சட்டத்தைப் பின்தேதியிட்டுத் திருத்தினார்களே, பேப்பரை மடக்கி வைத்துத் திட்டினீர்களே! 2020இல் நடுவர் தீர்ப்பில் நம் அரசு தோற்ற அந்த வழக்கை நிர்வகித்தது அங்கிருக்கும் நிரந்தர நடுவர் நீதிமன்றம். அடுத்த வருடமே அந்த வரியைக் கைவிட்டார்கள்.

நீங்கள் அனுப்பும் பணத்துக்கு இங்கே வரி வருமோ என்று அம்மா பயப்படுகிறாள். மாணவர் செலவுக்கு வெளியிலிருந்து வரும் பணத்தைப் படிக்கும் நாடு தொடக்கூடாது என்பது மாதிரி ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவு. சொல்லிவிடுங்கள். வரித்துறைக் கடிதம் இங்கே நீல உறையில் வரும். அதைக் கண்டாலே பக்கத்து அறைப் பெண் முகம் வெளுத்துவிடுகிறாள். எனக்கு வந்ததை நான் நின்றபடியே பிரித்துப் படித்தேன். டச்சு தெரியாது, எண்கள் தெரியும்.

இன்னொன்று. என் மாடி அறை சும்மாதானே கிடக்கிறது, வாடகைக்கு விடலாமா என்று அம்மா கேட்டாள். வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுக் கையைவிட்டுப் போன வீடு 'நிரந்தர வீடு' ஆகாது என்று மாதிரி ஒப்பந்தத்தின் விளக்கவுரை சொல்கிறது. படிப்பு முடியும்வரை பூட்டியே வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்