பெட்டி விஷயமாக, மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குக் கால்வலி இப்போது தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் பெட்டி பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. சாவி உன்னிடம்தான். நான் திறக்கவும் மாட்டேன். ஆனால் கல்யாணத்தன்று நகையெல்லாம் அடுக்கி அதை உன் மடியில் தூக்கி வைத்தவள் நான். அதன் கனம் என் கைக்குத் தெரியாதா?

சின்னப் பிள்ளையில் தார்சாவில் படுத்துக்கொண்டு ஆச்சியிடம் கர்ணன் கதைதான் கேட்பாய். குந்தி மெழுகு பூசிய பெட்டியில் பிள்ளையை வைத்து அசுவ நதியில் விட்டாள். அது சர்மண்வதி, யமுனை, கங்கை என்று மிதந்து சம்பாபுரிக்கு வந்தது. அந்த இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "உள்ளே என்ன ஆச்சி?" என்று தெரிந்துகொண்டே கேட்பாய். கவசமும் குண்டலமுமாகப் பிள்ளை என்றதும் உனக்கு அத்தனை சந்தோஷம். எனக்கு நினைப்பெல்லாம் கரையில் நின்றவள்மேல்தான். ஆற்றில் விட்டாளே தவிர மனசிலிருந்து விட முடிந்ததா? பாண்டவர்களிடம் அவள் வாய் திறந்தது போர் முடிந்து தர்ப்பணம் பண்ணும்போது. அத்தனை நாள் அதை எப்படித்தான் தாங்கினாளோ.

கொடுக்கிற கை உனக்கு. முதல் சம்பளத்தில் தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்டினாய். தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' கதையில் தங்கம், வெள்ளி, ஈயம் என்று மூன்று பெட்டி வருமே. கதாநாயகி போர்ஷியாவின் படம் ஈயப் பெட்டியில்தான் இருக்கும். உள்ளதையெல்லாம் கொடுக்கத் துணிந்தவனே அதை எடுக்கலாம். பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு வந்து, "நானும் ஈயத்தைத்தான் எடுப்பேன்" என்றாய். சரி, எடு. ஆனால் உனக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டு கொடு தாயி. கர்ணன் கவசத்தையே அறுத்துக் கொடுத்தான். அப்புறம் அவனைக் காப்பாற்ற யார் வந்தார்கள்?

மாப்பிள்ளைக்குத் தொழில் எப்படிப் போகிறது? அதைப் பற்றி நீ பேச்சே எடுப்பதில்லை. எங்களிடம் சொல்லாமல் நீயாகவே ஒரு பாரத்தைச் சுமக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? என் வளையல் இரண்டும் சும்மாதான் கிடக்கின்றன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போய்விடுவார். ஆறு மணிக்குமேல் நான் தனியாகத்தான் இருப்பேன். அப்போது போன் பண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா