குர்சுராவுக்குள் போய் வந்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பா நட்டாச்சு, பாமணியாற்றில் தண்ணிக்குக் குறையில்லை.

போன மாசம் மன்னார்குடியிலிருந்து கூட்டமாகச் சிம்மாச்சலம் போனோமே, அப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்த்தேன். மற்றவர்கள் கால் நனைக்கப் போக, நான் மட்டும் டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்தேன். 91 மீட்டர் நீளம் என்கிறார்கள், ஆனால் எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை, இதில் 75 பேர் இருந்தார்களாம்.

இஞ்சின் இருக்கிற இடத்தில்தான் நின்றுவிட்டேன். மூன்று டீசல் இஞ்சின். முப்பது வருஷம் பம்புசெட்டு பிரித்துப் போட்டவனுக்கு அதை விட்டு நகர மனசு வருமா? டீசல் எரியக் காற்று வேண்டும், கடலுக்கடியில் அதற்கு எங்கே போவது, அதனால் முங்கியிருக்கும்போது பேட்டரியில் மோட்டார் ஓடுகிறது, பேட்டரி இறங்கினால் மேலே வந்தோ ஒரு குழாயை மட்டும் தண்ணிக்கு மேலே நீட்டியோ காற்றை இழுத்து, டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரி கண்ணில் படுகிற நேரமும் அதுதான். நீர்மூழ்கியில்தானே வேலை பார்க்கிறாய், நீ இதையெல்லாம் சொன்னதேயில்லை. கேட்டால் "வேலை நல்லா போகுதுப்பா", அவ்வளவுதான்.

குர்சுரா 1969 டிசம்பரில், அப்போது சோவியத் யூனியனில் இருந்த ரிகா துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது, 71 போரில் அரபிக்கடலில் ரோந்து போனது. அப்புறம் 1975 வாக்கில் அதை ஓட்டாமல் நிறுத்தி, சாமான்களைக் கழற்றி மற்ற நீர்மூழ்கிகளுக்கு மாட்டியிருக்கிறார்கள். நம் பட்டறை ஓரத்தில் ஒரு இஞ்சின் கிடந்ததே, ஆளாளுக்கு ஒரு சாமான் எடுத்து, கடைசியில் பிளாக் மட்டும் காயலாங்கடைக்குப் போனதே, அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் இதை 80-களில் பழுது பார்த்து மறுபடி கடலில் இறக்கிவிட்டார்கள். 2001 பிப்ரவரி வரை ஓடியிருக்கிறது, மொத்தம் 73,500 கடல் மைல். கழற்றினதைத் திரும்பப் பூட்டி ஓடவைப்பது புதுசு செய்வதைவிடக் கஷ்டம், அந்த மெக்கானிக்குகளுக்கு ஒரு காபியாவது வாங்கிக் கொடுத்திருக்கணும்.

லீவில் நீ வந்தபோது உன் துணியில் டீசல் வாடை போகவேயில்லை என்று அம்மா புலம்பினாள். என் சட்டையைத் துவைத்துப் பழகியவளுக்கு இது என்ன புதுசா? நான் வாயைத் திறக்கவில்லை.

போன் வராத வாரங்களில் இனி உன்னைத் திட்ட மாட்டேன். கரைக்கு வந்ததும் முதலில் அம்மாவைக் கூப்பிடு, எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம். பொங்கலுக்கு லீவு உண்டா என்று கேட்டுச் சொல்.

அப்பா