மஞ்சளித்த மரமும் தாகத்தில் காய்ந்த மரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் அழிந்துவரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக்காடுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதை எழுத ஒருவர் முன்வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் 1980-களில் நோயுற்ற காட்டையும் 2018-க்குப் பிறகு காய்ந்த காட்டையும் கட்டுரை ஒரே கதையாகச் சொல்லிவிட்டது. 'ஸ்புரூஸ் நீரைக் குடிக்கும் மரம், அது செத்தால் நீர் மிச்சம்' என்ற வரியும் உறுத்தியது. சில ஆண்டுகளாக இந்தக் காடுகளில் நடந்து திரிபவன் என்பதால் எழுதுகிறேன்.

1980-களில், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து ஃபிக்டெல்கெபிர்கே மலையில், பய்ராய்த் பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட்-டெட்லெஃப் ஷூல்ட்ஸேயும் குழுவினரும் நலமான காடு ஒன்றையும் நலிந்த காடு ஒன்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். நலிந்த காட்டில் பழைய ஊசியிலைகள் மஞ்சளித்தன. புதிதாகத் துளிர்த்தவை பச்சையாகவே நின்றன. பார்ப்பவருக்குத் தாகம் என்றுதான் தோன்றும். ஆனால் கோளாறு மண்ணில் இருந்தது. அமில மழை மண்ணின் மெக்னீசியத்தைக் கரைத்துக்கொண்டு போனது. காற்றோடு வந்த நைட்ரஜனோ மரத்தை வளரத் தூண்டியது. அந்த வளர்ச்சிக்கு மெக்னீசியம் போதாமல், பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுத்தது மரம். 1989-இல் 'சயன்ஸ்' இதழில் ஷூல்ட்ஸே எழுதியதன் சாரம் இது.

ஒரு மரம் எவ்வளவு குடிக்கிறது என்பது அதன் நிறத்தைப் பார்த்துத் தெரியாது. ஹார்ட்ஸ் மலைப்பாதை ஓரம், அன்று வெட்டி அடுக்கியிருந்த ஸ்புரூஸ் கட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். வெளிவட்டம் விரலில் ஒட்டும் ஈரம். நடுப்பகுதி காய்ந்து கிடந்தது. ஸ்புரூஸில் வைரம், அதாவது மரத்தின் நடுப்பகுதி, நிறத்தில் தனியாகத் தெரியாது, ஈரத்தில்தான் தெரியும். வேரிலிருந்து நீர் ஏறுவது அந்த வெளிவட்டத்தில் மட்டுமே. அதை அளக்க பிரான்சின் ஆந்த்ரே கிரானியே 1985-இல் ஒரு வழி சொன்னார். மரத்தில் மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய ஊசிகளைச் செருகி, மேல் ஊசியை மட்டும் சூடேற்றுவார்கள். நீர் வேகமாக ஏறினால் அந்த ஊசி குளிரும். இரவில் ஓட்டம் அடங்கியதும் சூடு உச்சத்துக்குப் போகும். காலையில் கிளைகள் முதலில் தண்டில் சேமித்த நீரை எடுத்துக்கொள்வதால் அடிமரத்து ஓட்டம் சற்றுப் பிந்தியே தொடங்கும். இந்த அளவோடு நீர் ஏறும் வட்டத்தின் அகலத்தையும் இலைப்பரப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு காட்டின் கணக்கு கிடைக்கும். எத்தனை மரம் என்று எண்ணிப் பெருக்கினால் கிடைக்காது.

2018 முதல் 2020 வரை வந்ததுதான் உண்மையான தாகம். ஸ்புரூஸின் வேர் பெரும்பாலும் ஆழம் போகாமல் பரவும். மேல்மண் வறண்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. இலைத்துளைகளை மூடி நீரைக் காக்கும். அப்போது உணவு தயாரிப்பும் குறையும், மரப்பட்டையைக் குடையும் பட்டை வண்டைத் தடுக்கும் பிசினும் குறையும். வண்டு ஏறிய மரத்தின் அடியில் காப்பித்தூள் போலப் பழுப்பு மாவு உதிர்ந்து கிடக்கும். பட்டையை உரித்தால் நடுவே ஒரு நேர்க்கோடு, இருபுறமும் புழுக்கள் குடைந்த கிளைக்கோடுகள். வண்டோடு வரும் பூஞ்சை நீர் ஏறும் வட்டத்தையும் அடைத்துவிடும். 2018 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 5 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் போய்விட்டதாக ஜெர்மன் விண்வெளி மையம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டது. அந்த ஹார்ட்ஸ் மலைப்பாதையில் இப்போது நடந்தால் நெஞ்சு கனக்கிறது.

மரம் செத்தால் ஓடையில் நீர் கூடுவது உண்மைதான். நலமான ஸ்புரூஸ் காடு, பெய்யும் மழையில் ஏறக்குறைய கால் பங்கைக் கிளையிலேயே தாங்கி ஆவியாக்கிவிடும். மரம் போனதும் அது தரைக்கு வருகிறது. ஆனால் எஞ்சிய மரங்கள் வெளிச்சமும் இடமும் கிடைத்து முன்பைவிட அதிகம் குடிக்கும். புல்லும் இளங்கன்றுகளும் தம் பங்கை எடுக்கும். மண்ணிலுள்ள நைட்ரேட்டை உறிஞ்ச வேர் இல்லாததால் அதுவும் அந்த நீரோடு இறங்கும்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இந்த ஓடைகளின் நீரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். இரண்டு அழிவுகளையும் தனித்தனியே பிரித்து எழுதும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகர்