எண்ணோடு காரணத்தையும் கொடுங்கள்: கார்டு கிரேடிங் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு கார்டுகளின் நிலையைப் பார்த்து, 10-ஐ உச்சமாக வைத்துக் கிரேடு போடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கிரேடு போட்ட கார்டை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் உறையான ஸ்லாபின் லேபிளில் நீங்கள் அச்சிடும் எண் வெறும் அபிப்பிராயம் என்றுதான் உங்கள் விதிமுறைகள் சொல்கின்றன. வாங்குபவரும் விற்பவரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. பேரமே அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

எளிய கணக்கு ஒன்று. 50 டாலர் பெறுமானமுள்ள பத்து ரா கார்டுகளை, அதாவது கிரேடு போடாத கார்டுகளை, ஒருவர் அனுப்புகிறார். கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து கார்டுக்கு 30 டாலர். ஆக, போட்ட முதல் 800 டாலர். கிரேடு 10 வந்தால் 200, 9 வந்தால் 60, 8 வந்தால் 40 டாலருக்கு விற்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று 10, ஐந்து 9, இரண்டு 8 வந்தால் கைக்கு 980. ஒரே ஒரு 10, ஏழு 9, இரண்டு 8 வந்தால் 700. இரண்டு கார்டுகள் ஒரு படி இறங்கியதில் 180 லாபம் 100 நஷ்டமாகிவிட்டது. விற்பனைத் தளத்தின் கமிஷனை இன்னும் கழிக்கவே இல்லை. கவனியுங்கள், 9 வந்த கார்டு போட்ட முதலைக்கூடத் திருப்பித் தரவில்லை.

அந்த ஒரு படி எவ்வளவு சிறியது? இடது, வலது பார்டர்களின் கூட்டு அகலம் 3 மி.மீ. உள்ள கார்டை எடுத்துக்கொள்வோம். சென்டரிங் என்பது படம் எவ்வளவு நடுவில் அமைந்திருக்கிறது என்ற அளவு. 60/40 சென்டரிங் என்றால் 1.8, 1.2 மி.மீ. 55/45 என்றால் 1.65, 1.35. அச்சு 0.15 மி.மீ. நகர்ந்தால் ஒன்று இன்னொன்றாகிவிடும். கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏ தன் 10-க்கான முன்பக்க வரம்பில் 60/40 வரை என்றிருந்த தளர்வை 2025-ல் எடுத்துவிட்டு 55/45 என்று எழுதியது. கறாராக இருப்பதில் எங்களுக்குப் புகார் இல்லை. ஆனால் பழைய 10-ம் புதிய 10-ம் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எது எந்த வரையறையில் வாங்கிய 10 என்று லேபிள் சொல்வதில்லை. கிரேடு போட்ட மாதமும் ஆண்டும் லேபிளில் வேண்டும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அடுத்தது காரணம். அனுப்புவதற்கு முன் ஒருவர் என்னென்ன பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) நான்கு கார்னர்களையும் இரு பக்கமும் பார்க்கிறார். கருமையான பார்டர் என்றால் எட்ஜில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று தேடுகிறார். டாப்ஸ் நிறுவனத்தின் 1971 கார்டுகளின் கறுப்பு பார்டர் இதற்குப் பேர்போனது. பளபளக்கும் க்ரோம் கார்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிரிண்ட் லைனும் (அச்சில் விழுந்த கோடும்) சிறு குழிகளும் பார்க்கிறார். விரல்ரேகை இருந்தால் மைக்ரோஃபைபர் துணியால் மெல்ல ஒற்றி எடுக்கிறார். அழுத்தித் தேய்த்தால் அதுவே புதிய கீறல். பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் கார்டை நுழைக்கும்போது கார்னர் ஸ்லீவின் வாயில் மோதி மடங்குவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து; அதனால் ஸ்லீவின் வாயை லேசாக அகட்டிக்கொண்டு நுழைத்து, பிறகு சற்று விறைப்பான செமி ரிஜிட் ஹோல்டரில் வைக்கிறார். இத்தனைக்கும் பிறகு திரும்பி வருவது ‘9’ என்ற ஓர் இலக்கம். சென்டரிங் போதவில்லையா, பின்பக்க சர்ஃபேஸில் பழுதா, தெரியாது. தெரியாததால் ஸ்லாபை உடைத்து மறுபடியும் அனுப்புகிறார்.

பெக்கெட் என்ற கிரேடிங் நிறுவனத்தின் லேபிள்களில் சென்டரிங், கார்னர், எட்ஜ், சர்ஃபேஸ் நான்குக்கும் தனி எண் வந்திருக்கிறது. ஆகவே இது முடியாத காரியம் என்று சொல்ல வழியில்லை. தனி எண்கள் வேண்டாம் என்றால், 10-ஐத் தவறவிடச் செய்த முக்கியக் குறை ஒன்றையாவது சான்றிதழ் எண்ணின் பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள்.

உடைத்து அனுப்புவதால் வரும் இன்னொரு கோளாறு, எந்தக் கார்டு எந்தக் கிரேடில் எத்தனை இருக்கிறது என்று நீங்கள் வெளியிடும் பாப் ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஒரே கார்டு மூன்று முறை வந்து மூன்று முறையும் 9 வாங்கினால், பழைய லேபிள்கள் திரும்பி வராதவரை பட்டியலில் மூன்று 9-கள். 10-கள் மொத்தத்தில் இத்தனை சதவீதம்தான் என்று விற்பவர் பேசும் அரிதுத்தன்மையில் இந்தப் பொய்க் கணக்கும் கலந்திருக்கிறது. பழைய லேபிளைத் திருப்பி அனுப்புபவருக்கு அடுத்த கட்டணத்தில் ஒரு சிறு கழிவு கொடுத்துப் பாருங்கள், லேபிள்கள் தானாக வந்து சேரும்.

கூடுதல் கட்டணம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. கிரேடு உயர்ந்து, கார்டின் மதிப்பு கட்டணப் படியின் உச்சவரம்பைத் தாண்டினால், அனுப்பியவரிடமே மேலும் வாங்கும் வழக்கம் இருக்கிறது. கிரேடுக்கு நீங்கள் தரும் உத்தரவாதத்துக்கான செலவு கூடுகிறது என்பது உங்கள் நியாயம். இருந்தாலும் எண் போடுபவரின் வருமானம் அந்த எண்ணோடு சேர்ந்து ஏறக் கூடாது. அனுப்புபவர் முன்கூட்டி அறிவித்த மதிப்போடு கட்டணம் நிற்கட்டும்.

கடைசியாக, ட்ரிம் செய்த, அதாவது ஓரத்தை வெட்டிச் சீராக்கிய, கார்டுகள். பிஎஸ்ஏ 1991-ல் கிரேடு போட்ட முதல் கார்டு, டி206 என்ற பழைய செட்டைச் சேர்ந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு; வாங்கிய கிரேடு 8. அதன் ஓரத்தை வெட்டியதை ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே, 2007-ல், அந்தக் கார்டு 28 லட்சம் டாலருக்குக் கைமாறியிருந்தது. இன்று ஒரு சாதாரணக் கார்டு ‘ட்ரிம் செய்த அடையாளம்’ அல்லது ‘குறைந்தபட்ச அளவு இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வருகிறது. எந்த எட்ஜ், எத்தனை மி.மீ. குறைவு என்ற விவரம் இருப்பதில்லை. இன்றைய வழக்கமான கார்டின் அளவு 63.5-க்கு 88.9 மி.மீ. ஆலையிலேயே சற்றுக் குறுகலாக வெட்டப்பட்டு பாக்கெட்டில் வந்த கார்டுகளும் உண்டு. நீங்கள் அளந்த அகலத்தையும் உயரத்தையும் அந்தக் குறிப்புக்குக் கீழே எழுதி அனுப்புங்கள். அதே செட்டின் வேறு கார்டுகளை அளந்து ஒப்பிட்டு, தான் வாங்கிய ஆளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்று அனுப்பியவர் முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
வாங்கியும் விற்றும் வரும் கார்டு சேகரிப்பாளர்கள்