முன்னால போறது வேற, பின்னால போறது வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

உங்க ஞாயிறு இணைப்புல காலப்பயணம் பத்தி வந்த அரைப்பக்கக் கட்டுரைய எங்க செட்டு மொத்தமா உக்காந்து படிச்சோம். மேட்டுப்பாளையத்துல நான் வாட்ச் ரிப்பேர் கடை வெச்சிருக்கறேன், ராத்திரி ஒம்பது மணிக்கு ஷட்டர பாதி இறக்கிட்டு நாலு பேர் கேரம் ஆடறது வழக்கம்: நானு, ரிட்டயர் ஆன பிசிக்ஸ் வாத்தியார் ஒருத்தரு, மருந்துக்கடை அண்ணன் ஒருத்தரு, ஊட்டிக்கு டெய்லி வேன் ஓட்டிட்டுப் போயி கேரட் மூட்டை ஏத்திட்டு வர்ற டிரைவர் தம்பி ஒருத்தரு. அன்னைக்கு கேரம் போர்டுல பவுடர் போட்டதோட சரி, பன்னெண்டு மணி வரைக்கும் பேச்சுதான்.

கட்டுரையில ஒரு பத்தியில ஐன்ஸ்டீன் தியரிப்படி காலப்பயணம் முடியும்னு போட்டிருக்கீங்க, அடுத்த பத்தியிலயே தாத்தாவப் போய் சின்ன வயசுலயே கொன்னுட்டா நீ எப்படி பொறப்ப, அதனால இதெல்லாம் கப்சான்னு முடிச்சுட்டீங்க. படிச்ச எங்க டிரைவர் தம்பி "என்னங்க்ணா, முடியும்ங்கறாங்களா முடியாதுங்கறாங்களா"ன்னு கேட்டாரு. அவரு கேட்டதுல தப்பே இல்லீங்க. முன்னால, அதாவது எதிர்காலத்துக்குப் போறது ஒரு சங்கதி, பின்னால, அதாவது கடந்த காலத்துக்குப் போறது வேற சங்கதி, ரெண்டையும் ஒரே சட்டியில போட்டு கிண்டிட்டீங்கங்கறதுதான் என்னோட வருத்தம்.

முன்னால போறது டெய்லி நடக்குது. ஒருத்தனுக்கு நேரம் மெதுவா ஓடுனா, அவனுக்கு வயசு கம்மியா ஆகி மத்தவங்களோட எதிர்காலத்துக்குப் போய்ச் சேர்றான், அதுதான் முன்னால போறது. எங்க ஊருக்கும் ஊட்டிக்கும் உயரம் சுமார் 1,900 மீட்டர் வித்தியாசம். பூமியோட இழுப்புக்கு எதிரா மேல ஏற ஏற, அங்க இருக்கற கடிகாரம் கீழ இருக்கறதவிட வேகமா ஓடும், இது ஐன்ஸ்டீன் 1915ல முடிச்ச பொதுச் சார்பியல் தியரியோட கணக்கு. வாத்தியார் என் பில் புக்குக்குப் பின்னாடியே போட்டுக் காட்டுனாரு, ஒரு நாளைக்கு சுமார் 18 நானோ செகண்ட் ஊட்டி நம்மள முந்துது. ஒரு செகண்ட நூறு கோடியா பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான் நானோ செகண்ட். டிரைவர் தம்பி உடனே "அப்ப நான் உங்களவிட சீக்கிரம் கெழவன் ஆயிருவனா சார்"ன்னு கேட்டாரு, வாத்தியாரும் சலிக்காம கணக்கு போட்டாரு: டெய்லி ஆறு மணி நேரம் மேல இருந்தா நாலரை நானோ செகண்ட், வருஷத்துக்கு முந்நூறு நாள்னு முப்பது வருஷம் ஓட்டுனா சுமார் 40 மைக்ரோ செகண்ட் (ஆயிரம் நானோ சேர்ந்தா ஒரு மைக்ரோ). அவ்வளவு வயசு அவருக்கு எங்களவிட கூட ஆகியிருக்கும். வேகமா போறதுக்கு நேரம் கொஞ்சம் மெதுவா ஓடும்தான், ஆனா வேன் ஓடற வேகத்தால கழியறது இதுல கண்ணுக்கே தெரியாது.

என் தொழில்ல இத பாக்க முடியாதுங்கறது வாஸ்தவம். சாவி குடுக்கற பழைய எச்எம்டி வாட்ச் ஒண்ணு, பதினேழு ஜூவல் வெச்சது, செகண்டுக்கு அஞ்சு தடவ டிக்குன்னு அடிக்கும், அத சர்வீஸ் பண்ணி ஒரு நாளைக்கு பத்து செகண்டுக்குள்ள நிறுத்திட்டாலே எனக்கு அன்னைக்கு ராத்திரி நல்லா தூக்கம் வரும். ஆனா சீசியம் அணுவோட துடிப்ப வெச்சு நேரம் காட்டற சீசியம் கடிகாரம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நானோ செகண்ட் பெரிய விஷயமே இல்ல. 1971ல ஹாஃபெலே, கீட்டிங்னு ரெண்டு பேரு அத சாதாரண பயணிகள் விமானத்துல ஏத்தி உலகத்த ஒரு தடவ கிழக்கால, ஒரு தடவ மேற்கால சுத்திட்டு வந்தாங்க. கிழக்கால போனப்ப 59 நானோ செகண்ட் பின்தங்கிருச்சு, மேற்கால போனப்ப 273 முந்திருச்சு. 2005ல அமெரிக்காவுல கடிகார ஆசை புடிச்ச ஒருத்தரு வீட்டுல இருந்த மூணு சீசியம் கடிகாரத்தயும் புள்ளைங்களயும் வேன்ல ஏத்திட்டு ரெய்னியர் மலைக்குப் போயி ரெண்டு நாள் தங்கிட்டு வந்திருக்காரு, எறங்கி வந்து ஒப்பிட்டா சுமார் 22 நானோ செகண்ட் வித்தியாசம். லீவுக்கு புள்ளைங்கள கூட்டிட்டுப் போனதுல அவ்வளவு நேரம் அவங்களோட கூட கெடைச்சிருக்கு பாருங்க, இத கேட்டப்ப எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சு.

இன்னொண்ணு, உங்க கட்டுரையில ஊட்டி பேச்சே இல்லியேன்னு வாத்தியார் ரொம்ப ஆதங்கப்பட்டாரு. விண்வெளியில இருந்து வர்ற கதிர்கள் காத்துல மோதி, ஒரு பதினஞ்சு கிலோமீட்டர் உயரத்துல மியூவான்னு ஒரு துகள் பொறக்குது. அதோட சராசரி ஆயுசு 2.2 மைக்ரோ செகண்டுதான், ஒளி வேகத்துல ஓடி வந்தாலும் 660 மீட்டர்ல கதை முடிஞ்சுரணும், அப்படிப் பாத்தா தரைக்கு வந்து சேரவே கூடாது. ஆனா வருது, உள்ளங்கைய நீட்டுனா செகண்டுக்கு ஒண்ணுன்னு சொல்ற அளவுக்கு வருது. அவ்வளவு வேகத்துல போறதுக்கு நேரம் மெதுவா ஓடறதுதான் காரணம், அது கணக்குல இன்னும் ஆயுசு முடியல. இந்த விண்வெளிக் கதிர்கள ஆராயறதுக்கு ஊட்டியில கிரேப்ஸ்-3ன்னு ஒரு ஆராய்ச்சி கூடம் இருக்குது, அங்க மியூவான எண்ணறதுக்குன்னே ஆறு மீட்டர் நீளத்துல 3,712 இரும்புக் குழாய் அடுக்கியிருக்காங்க, அந்தக் குழாயெல்லாம் முன்ன கோலார் தங்கச் சுரங்கத்துல வேற ஒரு ஆராய்ச்சிக்கு இருந்தது. கேரட் ஏத்தற ஊருலயே இது நடக்குதுங்கறது டிரைவர் தம்பிக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இனி பின்னால போற சங்கதிக்கு வரேங்க. இதுல யாரும் எதையும் செஞ்சு காட்டல, காகிதத்துல கணக்கு மட்டும் இருக்கு. 1949ல கோடெல்ங்கற கணித அறிஞர், பிரபஞ்சமே சுத்திட்டிருந்தா ஒருத்தன் போன பாதையிலயே போயி தன்னோட நேத்துக்கு வந்து சேரலாம்னு காட்டுனாரு, ஆனா நம்ம பிரபஞ்சம் அப்படி சுத்தற மாதிரி தெரியல. 1988ல கிப் தோர்ன்ங்கற பௌதிக அறிஞரும் அவரோட மாணவர்களும் போட்ட கணக்குதான் எங்களுக்கு புடிச்சது. விண்வெளியில புழு துளைச்ச மாதிரி ஒரு குடைவு (வார்ம்ஹோல்), அதுக்கு ரெண்டு வாய். ஒரு வாய அப்படியே வெச்சுட்டு இன்னொண்ண பயங்கர வேகத்துல கொண்டுபோயி திருப்பிக் கொண்டுவந்தா, மியூவானுக்கு ஆன மாதிரியே அந்த வாய்க்கு நேரம் கம்மியா ஓடியிருக்கும், அதுக்குள்ள நுழைஞ்சா இந்தப் பக்கம் பழைய நேரத்துல வெளிய வரலாம். ஆக முன்னால போற அதே கணக்க வெச்சுத்தான் பின்னால போக வழி பாக்கறாங்க. ஆனா குடைவு மூடிக்காம நிக்கணும்னா பூஜ்யத்துக்கும் கீழ இருக்கற நெகட்டிவ் எனர்ஜி வேணும், அத அவ்வளவு சேர்த்து வெக்கறதுக்கு யாருகிட்டயும் வழி இல்ல.

தாத்தா பிரச்சினைக்கு மறுபடி வந்தோம். மனுசன் வந்தா மனசு, கோபம்னு பேச்சு எங்கயோ போயிருது, அதனால போல்சின்ஸ்கின்னு ஒரு பௌதிக அறிஞர் மனுசனயே எடுத்துட்டு ஒரு பில்லியர்ட்ஸ் பந்த வெச்சாரு. நாங்க ஸ்டிரைக்கர வெச்சுக்கிட்டோம், குடைவோட ரெண்டு வாய்க்கு பதிலா கேரம் போர்டோட ரெண்டு பாக்கெட்டு. ஸ்டிரைக்கர் ஓடிப்போயி இந்தப் பாக்கெட்ல விழுது, எதிர் பாக்கெட்ல ரெண்டு செகண்ட் முன்னாடியே வெளிய வருது, வந்து பழைய ஸ்டிரைக்கர நேரா மோதி பாக்கெட்டுக்குப் போக விடாம தள்ளிவிட்டுருது. அப்ப வெளிய வந்தது எது? கொஞ்ச நேரம் எல்லாரும் போர்டையே பாத்துட்டு இருந்தோம். வாத்தியார்தான் விரலால தொட்டு நகர்த்திக் காட்டுனாரு: நேரா மோதாம ஓரத்துல லேசா ஒரசிட்டுப் போகுதுன்னு வெச்சுக்க, ஒரசுனதால ஸ்டிரைக்கர் துளி கோணலா பாக்கெட்ல விழுது, கோணலா விழுந்ததால கோணலாவே வெளிய வருது, கோணலா வர்றதாலதான் நேரா மோதாம ஒரசுது. வட்டம் பூட்டிக்கிச்சு, முரண்பாடு எதுவுமே இல்ல. தோர்ன் குழுவுல இருந்தவங்க நெசமாவே இந்த மாதிரி விடைகள கணக்குல கண்டுபுடிச்சிருக்காங்க. நோவிகோவ்ங்கற ரஷ்ய விஞ்ஞானி சொல்றதும் இதுதான், நடந்ததோட ஒத்துப்போறது மட்டும்தான் நடக்கும், தாத்தாவ சுடப் போனா குறி தப்பும். டாய்ச்ன்னு ஒருத்தரு 1991ல குவாண்டம் கணக்குல வேற வழி சொல்றாரு, நீ போய்ச் சேர்ற உலகமே வேற உலகம்னு. எனக்கு அது அவ்வளவா மனசுக்கு ஒட்டல.

நானா ஒரு கேள்வி போட்டேன், அது என் தொழில்ல இருந்து வந்தது. வயசான நான் வந்து சின்னப் பையனா இருக்கற என் கையில ஒரு வாட்ச குடுக்கறேன், அத நான் நாப்பது வருஷம் கட்டிட்டு அப்பறம் பின்னால போயி அதே பையன் கையில குடுக்கறேன். இந்த வாட்ச செஞ்சது யாரு? யாருமே செய்யல. வாத்தியார் இது ஏற்கனவே பேசுனதுதான்னாரு. ஆனா நான் கேட்டது அதுக்கும் மேல. நாப்பது வருஷத்துல ஆயில் காஞ்சுரும், கண்ணுல லூப் வெச்சுப் பாத்தீங்கன்னா பிவட்ங்கற சக்கர அச்சு முனை தேஞ்சு மொழுக்குன்னு இருக்கும், கண்ணாடியில கீறல் விழுந்திருக்கும். அந்தத் தேஞ்ச வாட்சத்தான் பையன் கையில குடுக்கறேன், ஆனா பையன் வாங்குனது தேயாத வாட்சு. அப்ப ரெண்டும் ஒரே வாட்ச் ஆகணும்னா நாப்பது வருஷத் தேய்மானத்த ஒரு அணு விடாம யாரோ சரி பண்ணியிருக்கணும். நான் இத்தன வருஷத்துல ஆயிரக்கணக்கான வாட்ச் பிரிச்சு மாட்டியிருக்கேன், தேஞ்சது தானா வளந்து ஒண்ணக்கூட பாத்ததில்ல. வாத்தியார் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "இது சரியான பாயிண்ட்"ன்னாரு.

ஸ்டீபன் ஹாக்கிங்ங்கற விஞ்ஞானி 1992ல இயற்கையே பின்னால போற வழிய அடைச்சு வெச்சிருக்கும்னு ஒரு கருத்து சொன்னாரு, 2009 ஜூன் 28ஆம் தேதி கேம்பிரிட்ஜ்ல காலப்பயணிகளுக்குன்னு விருந்து வெச்சுட்டு, அழைப்பிதழ விருந்து முடிஞ்சதுக்கப்பறம் வெளியிட்டாரு, யாருமே வரல. உங்க கட்டுரை இத ஆதாரமா காட்டுது. டிரைவர் தம்பி அதுக்கு நல்லா கேட்டாரு: தோர்ன் சொல்ற மெஷின்ல அந்த மெஷின் செஞ்ச நாளைக்கு முன்னாடி போக முடியாதில்ல, ஸ்டேண்டே கட்டாத ஊருக்கு பஸ் எப்படிங்ணா வரும்?

மருந்துக்கடை அண்ணன், ககுத்மி ராஜா பொண்ணு ரேவதிய கூட்டிட்டு பிரம்மலோகம் போயி ஒரு பாட்டு கேட்டு முடிக்கறதுக்குள்ள பூமியில யுகம் யுகமா ஓடிருச்சுன்னு புராணத்துல இருக்குதே, இதெல்லாம் நம்மாளுங்களுக்கு அப்பவே தெரியும்னாரு. அருமையான கற்பனைங்க, எனக்கும் ரொம்ப புடிக்கும், ஆனா எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு நேரம்னு கணக்கு வெச்சாத்தான் அது பிசிக்ஸ், ரெண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்னு அவருகிட்ட சொன்னேன், உங்களுக்கும் சொல்லிக்கறேன்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேங்க. அடுத்த தடவ இதப்பத்தி போடறப்ப முன்னால போறதுக்கு தனியா, பின்னால போறதுக்கு தனியா ரெண்டு கட்டுரையா போடுங்க, முதல் கட்டுரைக்கு உங்க நிருபர ஒரு தடவ ஊட்டிக்கு அனுப்பி அந்த இரும்புக் குழாய்ங்கள படம் புடிச்சுப் போடுங்க. பக்கத்த வெட்டி கடைச் சுவத்துல ஒட்ட இடம் இப்பவே காலி பண்ணி வெச்சுட்டேன்.

இப்படிக்கு,
வாட்ச் ரிப்பேர் கடைக்காரர்,
மேட்டுப்பாளையம்.