தரம் 10 மலைநாட்டுப் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை தரம் 10 பிள்ளைகளைப் பதுளை, எல்ல பக்கம் ஒருநாள் பயணமாகக் கூட்டிப் போகிறோம். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி கிடைத்துவிட்டது. அதிகாலை 3.30க்குப் பாடசாலை வாசலிலிருந்து பஸ் வெளிக்கிடும். இரவு 10 மணியளவில் திரும்புவோம்.

செங்கலடியில் பதுளை வீதியில் ஏறி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் போகிறோம். லுணுகலைக்குப் பிறகு வளைவுகள் அதிகம். பஸ்ஸில் தலைசுற்றும், வாந்தி வரும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லுங்கள், முன் ஆசனம் ஒதுக்குவோம்.

இந்த மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் முற்றத்து மணலை வாரி இறைக்கும் இதே கச்சான் காற்றுத்தான், பதுளை அடங்கிய ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து கச்சானாகக் கிழக்கே இந்தப் பக்கம் இறங்கும். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் பறிக்கும் கொழுந்துக்குத் தனி மதிப்பு அதனால்தான். புவியியல் கொப்பியில் அம்புக்குறி போட்டுக் கீறிய காற்றை மலைச்சரிவில் நின்று பிள்ளைகள் உணரட்டும்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வருகிறார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுவதை அவரே காட்டுவார். அந்த மலைகளைத் தேயிலையாக்கியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் மொழிக்காரர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மலையின் அழகைப் பார்த்துவிட்டு அந்த மக்களைப் பார்க்காமல் வருவதில் எனக்குச் சம்மதமில்லை. கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது, தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வரிசை வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

மத்தியானம் எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் திறந்த அந்தப் பாலத்தைக் கல், செங்கல், சீமெந்து கொண்டே கட்டினார்கள். உருக்குச் சட்டகம் கிடையாது. இன்றும் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தில் நின்று படம் எடுக்க எந்தப் பிள்ளைக்கும் அனுமதியில்லை, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேரம் இருந்தால் தெமோதரைக்கும் போவோம். அங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது.

காலைச் சாப்பாடும் சோற்றுப் பார்சலும் வாழையிலையில் கட்டிவிடுங்கள்; பொலித்தீன் வேண்டாம். ஸ்வெட்டர், பிடிமானமுள்ள சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் போதும். தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் பயணத்தை ஒத்திவைப்போம்.

காசு கட்டச் சிரமமான வீடுகள் என்னிடம் நேரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பார்த்துக்கொள்ளும். அதற்காக ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்கக் கூடாது.

சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட்டு, பிள்ளைக்கு வருத்தம், மருந்து ஏதும் இருந்தால் அதையும் எழுதி, புதன்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். இரவில் கூட்டிப்போக யார் வருவார் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்